மரம் சாவதைக் கணிக்கும் படிப்பு: வேலை கிடைக்குமா?

புள்ளியியல் முடித்த உங்கள் மகள், காட்டில் எந்த மரம் சாகும் என்று கணிக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் அம்மா. ஆனால் காட்டின் மேல் இருக்கும் ஆசை கணக்கின் மேலும் இருக்க வேண்டும்.

பனாமாவில் பாரோ கொலராடோ என்ற தீவில் 50 ஹெக்டேர் காட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து கணக்கெடுக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டத்தைத் தொட்ட மரங்கள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எது உயிரோடு நிற்கிறது என்று போய்ப் பார்க்கிறார்கள். மரத்தின் பருமன், வளர்ச்சி வேகம், பக்கத்து மரங்களின் நெருக்கம், வறட்சி ஆகியவற்றை வைத்து அடுத்து எது சாகும் என்று கணிக்கும் கணக்கு முறையை, அதாவது மாடலை, உருவாக்குவதுதான் உங்கள் மகள் செய்யப்போகும் வேலை.

கேட்க எளிது. ஆனால் வெப்பமண்டலக் காடுகளில் ஆண்டுக்கு நூறில் ஒன்றிரண்டு மரங்கள்தான் பொதுவாகச் சாகின்றன. "எதுவும் சாகாது" என்று சொல்லும் மாடல்கூட 98 சதவீதம் சரியாக இருக்கும்; அதனால் யாருக்கும் பயனில்லை. இன்னொன்று, சாவு பக்கத்துக்குப் பக்கம் பரவும். 2012 முதல் 2016 வரை கலிஃபோர்னியாவைத் தாக்கிய வறட்சியில் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் பட்டுப்போயின. வாடிய மரங்களைப் பட்டை வண்டுகள் கூட்டம் கூட்டமாகத் தாக்கின. இப்படிப்பட்ட இடத்தில் மரங்களைக் கலைத்துப்போட்டு, ஒரு பாதி மரங்களை வைத்து மாடலைப் பழக்கி மீதி மரங்களில் சோதித்தால், அது பக்கத்து மரத்தைப் பார்த்துக் காப்பியடித்தே மதிப்பெண் வாங்கிவிடும். வேறு காட்டுக்குக் கொண்டுபோனால் தோற்கும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சில பகுதிகளில் பழக்கி வேறு பகுதிகளில்தான் சோதிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் புரிந்துகொண்டு வேலை செய்பவளை வனத்துறையும் செயற்கைக்கோள் படம் அலசும் நிறுவனங்களும் தேடும். நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைப்பார்கள் என்று பார்க்கும் மருத்துவ ஆய்விலும், காப்பீட்டிலும் இதே கணிதம்தான். நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் மட்டும் குறைவு. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் ஓடும் என்று எதிர்பாருங்கள்.

புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆர் (R) மொழியை இப்போதே பழகட்டும். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசம். அவற்றைப் பார்க்கத் தொடங்கட்டும். ஒரு பருவமாவது காட்டுக்குப் போய், 1.3 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி மரங்களை அளக்கட்டும்.

சேரும் முன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "ஒரே மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்த பழைய தரவு உங்களிடம் இருக்கிறதா?" இல்லையென்றால் அங்கே சேர வேண்டாம். படிப்பு முடியும் காலத்துக்குள், கணக்குப் போடுமளவுக்கு மரங்கள் செத்திருக்காது.