மதிப்பெண் இருக்கட்டும் தம்பி, வண்டியை யார் ஓட்டுகிறீர்கள்?

தம்பி, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அறை நண்பர்கள் இருவரோடு போர்ட்லண்டிலிருந்து ஹூட் ரிவர், அங்கிருந்து பெண்ட் என்று காரில் போய், வழியிலுள்ள சிறிய ப்ரூவரிகளின், அதாவது பீர் காய்ச்சி விற்கும் இடங்களின், பீருக்கெல்லாம் மதிப்பெண் போட ஆசை. எங்கே போகலாம், எப்படி மதிப்பிடலாம், எங்கே தங்கலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். வண்டியை யார் ஓட்டப்போகிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் வந்த புதிதில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பரை, ப்ரூவரியிலிருந்து திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தி, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்தது. விபத்து இல்லை, யாருக்கும் காயமில்லை. வழக்கு முடிவதற்கு முன்பே அவருடைய விசா ரத்தாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2015 முதல் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, கைதானாலே போதும். வேலையில் தொடரலாம், ஆனால் ஊருக்குப் போனால் புதிதாக விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அதற்குத் தூதரகம் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனையும் உண்டு. தங்கையின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ஊரில் காலை முகூர்த்தம், இங்கே முந்தைய நாள் மாலை. சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மாட்டிவிடுவது பெரும்பாலும் ருசி பார்க்கத் தரும் சின்னக் கிளாஸ்கள்தான். மரப்பலகையில் ஐந்து கிளாஸ்களை அடுக்கித் தருவார்கள், பார்க்க மருந்து அளவாகத் தெரியும். ஒவ்வொன்றும் நான்கு அவுன்ஸ் என்றால் மொத்தம் இருபது, பதினாறு அவுன்ஸ் கொண்ட ஒரு பைண்டுக்கும் மேல். ஐ.பி.ஏ. என்னும் கசப்பு பீர் வகைகளில் ஆல்கஹால் ஏழு, எட்டு சதவீதம் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ஒரே பலகை இரண்டரை டிரிங்குக்கு வந்துவிடும். இப்படி மூன்று இடங்களில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஓரிகனில் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு வரம்பு 0.08 சதவீதம்; ஓட்டும் விதத்தில் தடுமாற்றம் தெரிந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் வழக்கு வரும். ஊதிக் காட்ட மறுத்தால் முதல் தடவையிலேயே ஓராண்டுக்கு உரிமம் போகும். வாங்கிய புட்டியைத் திறந்துவிட்டால் அது டிக்கியில்தான் இருக்க வேண்டும்.

‘இரண்டு பீர் என்ன செய்துவிடும்?’ என்று சொல்லும் நம்மவர்கள் உங்களுக்கும் அகப்படுவார்கள். பத்து வருடம் இங்கே இருந்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மூவரில் ஒருவர் அன்று முழுக்கக் குடிக்கக் கூடாது. மறுநாள் வேறொருவர். பெண்டில் நகர மையத்தில் அறை எடுத்தால் டெஷூட்ஸ், பெண்ட் ப்ரூயிங் என்ற ப்ரூவரிகள் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

மதிப்பெண் விஷயத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு வாய் குடித்ததும் கைபேசியை எடுத்து ஐந்துக்கு நாலரை போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். கலங்கலான ஐ.பி.ஏ.வும் பதினொரு சதவீத ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரும் பட்டியலின் தலையில் நிற்கின்றன, வெளிர் மஞ்சளான நல்ல பில்ஸ்னர் அடியில் கிடக்கிறது. எங்கே போனாலும் முதலில் பில்ஸ்னரைக் கேளுங்கள். தப்பை மறைக்க அதில் இடமே இல்லை. வெண்ணெய் வாசனையோ பச்சை ஆப்பிள் வாசனையோ வந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸைச் சரியாகக் கழுவவில்லை. ஹூட் ரிவரில் ஃப்ரீம் ப்ரூவரியின் பில்ஸ்னரை ஒருமுறை நிதானமாகக் குடித்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

பெண்டில் டெஷூட்ஸின் பிளாக் பியூட் போர்ட்டர் என்னும் கறுத்த பீரைக் குடியுங்கள். 1988-இல் அந்த ப்ரூவரியைத் தொடங்கிய காலத்திலிருந்து வருவது, ஐந்தரை சதவீதம்தான். வந்த புதிதில் எல்லா பீரும் எனக்குக் கசப்பு, அவ்வளவுதான். இந்தப் போர்ட்டரில்தான் கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடைவாசல் வாசனையைக் கண்டேன். அதற்குப் பிறகு மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தின் ருசி வேறு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் ருசி வேறு என்று நாக்கைப் பழக்கிக்கொண்டேன். இன்று உள்ளூர் நண்பர்கள் புதுப் பீரை என்னிடம் நீட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான். காய்ச்சும் இடத்திலேயே விற்கலாம் என்று 1985-இல் ஓரிகன் சட்டம் அனுமதித்ததால்தான் இத்தனை சிறு கடைகள் முளைத்தன. நீங்கள் கடக்கப்போகும் கேஸ்கேட் மலையின் பெயரைத் தாங்கிய ஹாப்ஸ் ரகமும் இந்த மாநிலத்தில், கொர்வாலிஸில் உருவானதுதான், 1972-இல் வெளியானது.

தங்குமிடம், சைவச் சாப்பாடு எல்லாம் நீங்களே தேடிக்கொள்வீர்கள், பட்டினி கிடக்க வேண்டியிருக்காது. பயணத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். போர்ட்லண்டுக்குத் தெற்கே வில்லமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் அறுவடை முடியும் சமயம் அது. பறித்த பூவை உலர்த்தாமல் ஒரு நாளைக்குள் கொதிகலனில் போட்டுக் காய்ச்சிய பீர் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும். அன்று வண்டி ஓட்டுபவருக்கு ஒரு புட்டி வாங்கி, திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.