கத்தரி பூத்துக் கொட்டுகிறது: வண்டுப் பெட்டி எடுப்பிக்கலாமா?

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு களுதாவளையில் அரை ஏக்கர் கத்தரி. மூன்று போகமாகப் பூ கொட்டுகிறது. அப்பா காலத்தில் காலையில் கருவண்டு இரைச்சல் காதை அடைக்கும், இப்போது ஒன்றிரண்டுதான். வெளிநாட்டில் பம்பிள்பீ என்ற வண்டைப் பெட்டியில் விற்கிறார்களாம். எடுப்பிக்கலாமா, அல்லது தேனீப் பெட்டி வைக்கவா? கடையில் பூ நிற்க ஒரு மருந்து தந்தார்கள்.

பதில்: தம்பி, பெட்டி இரண்டும் வேண்டாம். கத்தரிப் பூவின் மஞ்சள் குழாய்களுக்கு நுனியில் மட்டும்தான் துளை. பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைக்கும் வண்டுதான் மகரந்தத்தைக் கொட்டவைக்கும். தேனீக்கு அது தெரியாது. பம்பிள்பீக்குத் தெரியும், ஆனால் அது நம் இலங்கைத் தீவுக்குரியது அல்ல. தக்காளிக்கென்று ஐரோப்பிய பம்பிள்பீயை 1990களின் கடைசியில் சிலிக்குக் கொண்டுபோனார்கள். அது ஆர்ஜென்டினா வரை பரவி, அங்கிருந்த பெரிய செம்மஞ்சள் வண்டை ஒடுக்கிவிட்டது. பம்பிள்பீக்களின் சொந்த ஊர்களிலும் கதை நல்லதாக இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் பூப்புல்வெளிகளில் 97 வீதம் போயிற்று. பிரித்தானியாவில் ஒரு பம்பிள்பீ இனம் 1988க்குப் பிறகு கண்ணில் படவில்லை, 2000இல் அழிந்ததாக அறிவித்தார்கள்.

பூவை அதிரவைக்கும் வேலையை இங்கே செய்கிறவை உங்கள் கருவண்டும், வயிற்றில் நீலக்கோடு போட்ட சின்னத் தேனீயும்தான். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அவை எங்கே குடியிருந்தன என்பதை. கருவண்டு காய்ந்த கட்டையிலும் மூங்கிலிலும் விரல் பருமனுக்குத் துளை போட்டு முட்டையிடும். நீலக்கோட்டுத் தேனீக்கு மண்சுவரும் வெறும் நிலமும் வேண்டும். பட்ட மரத்தை விறகாக்கினோம், கிளிசிறிடியா வேலியைப் பிடுங்கி கொங்கிரீட் தூணும் கம்பியும் போட்டோம், மண்சுவர் கல்வீடாயிற்று. கருவண்டு ஒரு தடவைக்குச் சில குஞ்சுகளைத்தான் வளர்க்கும். ஒரு கட்டையை எரித்தால் அந்த மூலைக்கு வண்டு திரும்பப் பல வருடம் செல்லும். வேலியோரத்தில் காய்ந்த கட்டை நாலைந்தை மழை படாமல் போட்டுவையுங்கள், ஒரு பக்கமாவது கிளிசிறிடியா நட்டுப் பூக்க விடுங்கள். இதை நான் எந்த ஊருக்குப் போனாலும் சொல்கிறேன், ஒரு சதமும் செலவில்லாததால் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது பூச்சி மருந்து. காலையில் பூவின் மேல் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அடிக்கத்தான் வேண்டுமென்றால் பொழுது பட்ட பிறகு. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்து என்றால் பொழுதைப் பார்த்தும் பயனில்லை. அது சாறோடு ஏறி மகரந்தத்துக்கே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வெளியில் அதைத் தடுத்தது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கான அந்த மருந்தைக் காய்ப் புழுவுக்கென்று விற்கிற கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார். வாடிய குருத்தை வாரம் இருமுறை கிள்ளி எரியுங்கள், புழு குறையும். பூ நிற்க மருந்து தந்தவர் தோட்டத்தைப் பார்த்தாரா? பூவைப் பிரித்தாவது பார்த்தாரா?

நீங்கள் பாருங்கள். நடுத்தண்டு குழாய்களுக்குள் மறைந்து கிடந்தால் அது குட்டைப் பூ. வண்டு வந்தாலும் கொட்டும். செடியின் பலத்தைத்தான் கவனிக்க வேண்டும். தண்டு வெளியே நீட்டிய பூக்களில் பத்துக்கு நூல் கட்டி, இரண்டு காலை விரலால் சுண்டிவிடுங்கள், இன்னொரு பத்தைத் தொடாமல் விடுங்கள். சுண்டியவை மட்டும் காய்த்தால் குறை வண்டில்தான். இரண்டும் கொட்டினால் பசளை விபரத்தோடு மறுபடி எழுதுங்கள்.