புறாத்தீவில் சுழியோடப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

கல்கிசையில் பல வருடமாகச் சுழியோடக் கற்றுக்கொடுக்கிறேன். லீவு நெருங்கினால் போதும், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் திருகோணமலை நிலாவெளிப் புறாத்தீவைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை.

கொட்டாஞ்சேனை அண்ணா ஒருவர்: டிசம்பர் லீவில் நாலு நாள் கிடைக்கிறது. குடும்பத்தோடு போகலாமா?

டிசம்பரில் வேண்டாம் அண்ணா. அது கிழக்குக் கரைக்கு மழைக்காலம். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கிப்போகும். மே முதல் செப்டெம்பர் வரைதான் அங்கே நல்ல காலம். பிள்ளைகளின் ஓகஸ்ட் லீவு அதற்கென்றே வைத்ததுபோல வரும். டிசம்பரில் கடலுக்குப் போயே ஆகவேண்டும் என்றால் நம் பக்கத்தைப் பாருங்கள். மேற்குக் கரை நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். கொழும்புக்கு வெளியே கடலடியில் பழைய கப்பல்கள் கிடக்கின்றன. 1917இல் ஜெர்மன் கப்பலொன்று விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் மூழ்கிய இரண்டு கப்பல்களும் அவற்றில் சேர்த்தி. ஆனால் அவை ஆழம் கூடியவை, அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்.

வெள்ளவத்தை அம்மா ஒருவர்: மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேரும் இறங்கலாமா?

மகள் இறங்கலாம். கடலில் ஸ்கூபாவுக்கு, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவதற்கு, பொதுவாகப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். மகனுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் முகமூடியும் ஸ்நோர்க்கல் குழாயும் போதும். புறாத்தீவில் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, கரையோரத்திலேயே தொடங்கிவிடுவதால், மேலே மிதந்துகொண்டே அவனும் நிறையப் பார்ப்பான்.

தெமட்டகொடை தங்கச்சி ஒருவர்: அக்கா, நான் உடம்பு முழுக்க மூடித்தான் இறங்குவேன். சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். நானே அப்படித்தான் இறங்குகிறேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டி நிற்கும் லைக்ரா உடுப்பு, தலைக்கு அதே துணியில் ஒரு தொப்பி. தொங்கும் சால்வையும் தளர்ந்த உடுப்பும் மட்டும் வேண்டாம், அவை கல்லிலும் கருவியிலும் மாட்டும். உங்களைப்போல மூடி இறங்குவதில் கடலுக்கும் ஒரு நன்மை இருக்கிறது, சன்ஸ்கிரீன் பூசத் தேவை குறைகிறது. அந்தக் கிரீம்கள் சிலவற்றில் உள்ள ஒக்ஸிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக்கு ஆகாது என்றுதான் பலாவு நாடு 2020இல் அதைத் தடைசெய்தது.

பம்பலப்பிட்டி தம்பி ஒருவர்: திருகோணமலையில் இரண்டு நாள் டைவ், மூன்றாம் நாள் விடியவே நுவரெலியா. திட்டம் எப்படி?

தம்பி, இதைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. டைவ் முடிந்து உடனே விமானம் ஏறக்கூடாது என்று பலருக்குத் தெரியும். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான் என்பது தெரியாது. சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. ஆழத்தில் அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். வெளியேற நேரம் எடுக்கும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தல்போல உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி, நரம்பைத் தாக்கி முடக்கும் வரை போகலாம். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே, விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட அதுதான். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல டைவ் என்றால் 18 மணித்தியாலம் விடவேண்டும் என்பது விமானத்துக்குச் சொல்லும் கணக்கு. நான் என் மாணவர்களுக்கு முழுசாய் ஒருநாள் சொல்வேன். நீங்கள் பயணத்தைத் தலைகீழாக்குங்கள். முதலில் மலை, பிறகு கடல். கொழும்புக்குத் திரும்பும் வழி தாழ்ந்த நிலம், பிரச்சினை இல்லை.

தெஹிவளை அண்ணா ஒருவர்: போன தடவை காது குத்தி நடுவிலேயே ஏறிவிட்டேன். எனக்கு ஒத்துவராதோ?

ஒத்துவரும். வலி வந்த பிறகு காதைத் திறக்கப் பார்த்திருப்பீர்கள், அதுதான் பிழை. பத்து மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அதிலும் முதல் சில மீற்றரில்தான் காது அதிகம் உணரும். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுங்கள், ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். தலை தண்ணீருக்குள் போனதும் தொடங்கி, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை. திறக்காவிட்டால் கொஞ்சம் மேலே வந்து திரும்பச் செய்யுங்கள். போவதற்கு முன் கொழும்பிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பழகிவிடுங்கள். தடிமன் பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம், காசு போனாலும் பரவாயில்லை.

அதே அண்ணா: அங்கே போயே பழகலாமே, ஏன் கொழும்பிலேயே பழகச் சொல்கிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும். புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைகள் வெளிறிச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதை இப்போது நம் கால்கள் உடைக்கின்றன. என் கண் முன்னால் நடந்தது. புதிதாய் வந்த ஒரு பிள்ளை, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் கூடியதால் கீழே இறங்கிக்கொண்டே போனாள். பயத்தில் காலை உதற, காலில் மாட்டியிருந்த ஃபின் (நீச்சல் துடுப்பு) பட்டு மான்கொம்புபோல் கிளைத்திருந்த முருகையில் கையளவு துண்டு முறிந்து விழுந்தது. முறிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளை. அதற்குள் ஒளிந்திருந்த நீலக் குஞ்சு மீன்கள் அந்த வெள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தன. கிளை முருகையாவது விரைவாக வளரும். உருண்டைப் பாறையாய் இருப்பது வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை நீச்சல் குளத்தில் ஒரு நாளாவது மிதக்கப் பழக்காமல் அங்கே கூட்டிப்போனவர்கள் மேல்தான் வந்தது.

நடுத்தண்ணீரில் மிதப்பது மூச்சில் இருக்கிறது. மூச்சு இழுத்தால் ஒரு கணம் பொறுத்து உடம்பு எழும்பும், விட்டால் தாழும். அந்த ஒரு கணத்தைப் பொறுக்கத் தெரியாதவர்தான் கையும் காலும் அடிக்கிறார். குளத்தின் அடியில் மூக்கு நிலத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க, அசையாமல் ஐந்து நிமிடம் கிடக்கப் பழகுங்கள். அப்புறம் போங்கள். ஆனால் ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது, ஏறும்போது அடக்கினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும். பழகுவது மெதுவாக விடுவதற்குத்தான்.

வத்தளை அக்கா ஒருவர்: சுறா இருக்கிறதாமே?

இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் பலர் போகிறார்கள். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா. கூச்ச சுபாவம், நம்மைக் கண்டால் விலகும். துரத்தாதீர்கள், மீனுக்குத் தீனி போடாதீர்கள். கூட்டம் சேர்வதற்குள், காலை முதல் படகில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். டிக்கெட் வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. உள்ளூர்க் கட்டணம் வேறு, வெளிநாட்டுக் கட்டணம் வேறு, அதனால் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். கரையில் ஒதுங்கிய முருகைத் துண்டை ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.