ஜன்னலோர சீட்டை யாரும் விற்க முடியாது

கேள்வி: புனலூரில் இருக்கிறோம். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கொல்லம்–சென்னை எக்ஸ்பிரஸில் பகலில் போக நினைக்கிறோம். எனக்கு வயது 47, மாமியாருக்கு 72, கணவருக்கு 52, மகளுக்கு 14. மலைப்பாதையையும் பதிமூன்று கண் பாலத்தையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். ஆளுக்கு 150 ரூபாய் கூடுதலாகத் தந்தால் 'மலை தெரியும் பக்கத்து ஜன்னல்' போட்டுத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 300 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

பதில்: எந்தப் பக்கம் என்பதற்கு முன்னால், அந்த 300 ரூபாயைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்த ஏஜென்ட் உங்களிடம் விற்றது அவர் கையில் இல்லாத சரக்கு.

டிக்கெட் எடுக்கும்போது இன்ன நம்பர் சீட் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி ரயில்வேயில் கிடையாது. லோயர் பெர்த் வேண்டும், அப்பர் வேண்டும் என்று விருப்பம் சொல்லலாம், அவ்வளவுதான். நம்பரைப் போடுவது கம்ப்யூட்டர். கவுன்டரில் இருப்பவருக்கும் அது நம் கையில் சீட்டு வரும்போதுதான் தெரியும். ஊர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தால்கூட போனில் சீட் படம் வருகிறது, வேண்டியதைத் தொட்டு எடுத்துக்கொள்கிறோம். இத்தனை பெரிய ரயில்வேக்கு அதைச் செய்ய மனசில்லை. மனசில்லாத அந்த இடத்தில்தான் இந்த ஏஜென்டுகள் கடை போடுகிறார்கள்.

அடுத்து, 'மலை தெரியும் பக்கம்'. ஸ்லீப்பர் பெட்டியில் எட்டெட்டாகத் தடுப்பு. டிக்கெட்டில் வரும் நம்பரை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 7 என்றால் சைடு லோயர். ஒன்று முதல் ஆறு வரை பெட்டியின் ஒரு பக்கம், ஏழும் எட்டும் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம். இதுவரை உறுதி. ஆனால் அந்தப் பெட்டியை எந்த முகமாகத் திருப்பிக் கோத்திருக்கிறார்கள் என்பது டிக்கெட்டில் இருக்காது. ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் நேரெதிராகத் திரும்பியிருப்பதும் உண்டு. ஆகவே 17ஆம் நம்பர் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரியும். ஏஜென்டுக்கு மட்டும் எப்படி முன்கூட்டித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது பக்கம் இல்லை, லோயர் பெர்த். இரவு படுக்கப் போவதில்லையே, லோயர் எதற்கு என்று தோன்றும். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரைதான் படுக்கும் நேரம். பகலில் நடு பெர்த்தை மடக்கிவிட்டு மூன்று பேரும் கீழே உட்கார வேண்டும். அப்போது ஜன்னலோரம் லோயர்காரருக்கு என்பது வழக்கம். சண்டைக்கு நிற்காத மனிதர்கள் இருந்தால் அது நடக்கும்.

லோயர் எடுப்பதில்தான் நல்ல குடும்பங்கள் ஏமாறுகின்றன, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூத்தோருக்கென்று லோயர் பெர்த் கோட்டா ஒன்று இருக்கிறது. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது நிறைந்திருந்தால் போதும். கவனியுங்கள், பெண்ணுக்கு 45தான். 47 வயதான உங்களுக்கும் அது உண்டு. பலருக்குத் தெரியாது, 'நான் என்ன கிழவியா' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்க வேண்டும், இருவர் என்றால் இருவருமே அந்த வயதைக் கடந்தவர்களாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தாலும், இருவரில் ஒருவருக்கு வயது குறைந்தாலும், கம்ப்யூட்டர் அந்தக் கோட்டா பக்கமே போகாது. நீங்கள் நால்வரும் ஒரே டிக்கெட்டில் போனால், மாமியாரின் 72 வயதுக்குக் கோட்டாவில் ஒரு மதிப்பும் இல்லை. மூன்று பேரோடு போகும் கிழவிக்கு முழங்கால் வலிக்காது என்று யார் முடிவு கட்டினார்களோ!

ஆகவே இரண்டு டிக்கெட். நீங்களும் மாமியாரும் ஒன்றில், சீனியர் சிட்டிசன் கோட்டாவில். கணவரும் மகளும் இன்னொன்றில், பொதுக் கோட்டாவில். இணையத்தில் எடுத்தால் கோட்டா என்ற கட்டத்தைத் திறந்து அதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா வயதை மட்டும் போட்டால், பொதுவில் லோயர் மிச்சமிருந்தால் தரும், இல்லையென்றால் கைவிரிக்கும். கவுன்டரில் ஃபாரத்தில் எழுதியதோடு நிற்காமல் வாயாலும் சொல்லுங்கள். இரண்டு டிக்கெட்டும் வேறு வேறு பெட்டியில் விழுந்துவிடலாம். விழட்டும். மதுரை போய்ச் சேரும்போது படுக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, மகளை உங்களிடம் அனுப்பிவிட்டு யாராவது அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

(மூத்தோருக்கான கட்டணச் சலுகையைக் கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை.)

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் 2024 நவம்பரோடு போயிற்று. கல்யாணப் பத்திரிகை அச்சாகும் வரை காத்திருக்காதீர்கள். தேதி உறுதி என்றால் எடுத்துவிடுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள்.

ஏசி பெட்டி வேண்டாம். மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பதற்கு வீட்டிலேயே டிவி பார்க்கலாம். இடமண் தாண்டி பகவதிபுரம் வரை மலை ஏற்றத்தில் வண்டிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான். தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு என்று நிதானமாக நகரும். அந்த வேகத்தில் உட்கார ஜன்னல் கிடைக்காவிட்டாலும் நடைபாதையில் நின்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வரலாம். பாதை வளைந்துகொண்டே போவதால் காட்சி ஒரு பக்கத்திலேயே நிலைத்து நிற்காது. ஆரியங்காவு தாண்டியதும் நீண்ட சுரங்கம், அதற்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னொன்று, பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது! கீழே சாலையும் ஆறும் தெரியும். 1904இல் மீட்டர் கேஜுக்குத் திறந்த பாதையின் பாலம் அது, அகலப்பாதையாக்கி 2018இல் மறுபடி வண்டி விட்டார்கள். அந்தக் கல் தூண்களின் அழகைப் பார்க்க வேண்டும் என்றால் மகளை ஒருநாள் பைக்கில் கழுதுருட்டிக்குக் கூட்டிப் போகக் கணவரிடம் சொல்லுங்கள்.

பக்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வண்டி வந்து நின்றதும் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை குற்றால மலை வலப்பக்கம். தென்காசி தாண்டிக் கடையநல்லூர், ராஜபாளையம் என்று வண்டி வடக்கே திரும்பியதும் மலை இடப்பக்கம் வந்துவிடும். சாயங்கால வெயிலும் அந்தப் பக்கம்தான். மாமியாரை அங்கே உட்கார வைத்துவிடாதீர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் முகம் சுருங்கிவிடும். பழைய பெட்டியின் இரும்பு ஷட்டரைத் தூக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் விழுந்ததா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மலை வளைவில் குலுங்கும்போது அது விரல்மேல் விழும். மகள் போனை வெளியே நீட்டவே கூடாது.

இனி ஏஜென்டுக்கு வருவோம். ஐஆர்சிடிசி அங்கீகரித்த ஏஜென்ட் ஒரு டிக்கெட்டுக்கு ஏசி இல்லாத வகுப்பில் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 20 ரூபாய். ஆளுக்கு 150 அல்ல. அங்கீகாரம் இல்லாதவர் தன் சொந்தக் கணக்கில் எடுத்து லாபத்துக்கு விற்றால் அது ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. இணைய டிக்கெட்டுக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்குப் போனதும் நம் கேரளாவிலிருந்துதான். அது அவருடைய கவலை. உங்கள் கவலை வேறு: அவர் கணக்கில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் அவர் கணக்குக்குத்தான் திரும்பும். அவர் போன் நம்பரைப் போட்டிருந்தால் வண்டி தாமதம், ரத்து என்று வரும் செய்தி அத்தனையும் அவருக்குப் போகும். நீங்கள் ஸ்டேஷனில் நிற்பீர்கள்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் 300 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் டிக்கெட்டை வாங்கி, ஏஜென்ட் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கிறதா, பயணி போன் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த டிக்கெட்டை நம்பி மாமியாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். புனலூர் ஸ்டேஷன் கவுன்டரிலேயே நாளைக் காலை போய் எடுத்துவிடலாம். வயதைக் காட்ட மாமியாரின் அசல் ஆதாரையும் உங்களுடையதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பயணத்தன்று டிடிஇ கேட்பார்.