செம்பனை நெழல்ல பறவை எடுக்க என்ன கேமரா வாங்கலாம்?

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன். செம்பனைக்குள்ள வர்ற மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கூகை எல்லாம் எடுக்கணும், எங்க கோயில் தீமிதியும் எடுக்கணும். கையில 3000 வெள்ளி இருக்கு. கடைக்காரர் 60 மடங்கு ஜூம் உள்ள கேமரா ஒன்ன காட்டி இதுதான் பெஸ்ட்டுங்கிறார். வாங்கிடவா?

பதில்: வேணாம் தம்பி, கொஞ்சம் பொறு. அந்த ஜூம் பொய் இல்ல, நல்ல வெயில்ல கம்பி மேல ஆடாம உக்காந்திருக்கிற பறவைய அது அழகாவே எடுக்கும். ஆனா நீ நிக்கப்போறது செம்பனை மட்டைக்கு அடியில, அங்க காலையில ஒம்போது மணிக்கும் வெளிச்சம் கம்மி, பறவை பறக்கிறத எடுக்க ஷட்டர் 1/1000 செகண்ட் வேகத்துலயாவது தொறந்து மூடணும், அதுக்கு ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்த உணர்ற அளவ, ஏத்தணும், ஏத்தினா சின்ன சென்சார்ல (வெளிச்சத்த படமாக்கிற சில்லு) படம் பூரா புள்ளி புள்ளியா வந்து எறகோட வரியே தெரியாது. அந்த மாதிரி கேமராவுல சென்சார் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்த விட சின்னது. ஏபிஎஸ்-சிங்கிற பெரிய அளவு சென்சார் அத மாதிரி ஏறக்குறைய 13 மடங்கு பரப்பு, உனக்கு வேண்டியது அதுதான்.

புதுசா வாங்க காசு பத்தாதுன்னா செகண்ட் ஹேண்ட்ல நிக்கான் டி7200, இல்ல கெனான் 80டி தேடு. 2015, 2016ல வந்ததுதான், ரெண்டும் 24 மெகாபிக்சல், இன்னைக்கும் தாராளமா போதும். கூடவே கை ஆட்டத்த தாங்கிற 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் ஒன்னு. ஏபிஎஸ்-சியில 300ங்கிறது 450, 480 மாதிரி கிட்ட தெரியும். பாடிக்கு காச கொட்டிட்டு லென்ஸுக்கு மிச்சத்த தேடாத, மொதல்ல லென்ஸ பாரு.

தீமிதிக்கு அந்த 70-300 ஒதவாது. பொழுது சாஞ்சப்புறம் தணல் வெளிச்சத்துல எடுக்க 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்னு பழசா வாங்கி வச்சுக்க, எஃப் எண் சின்னதானா லென்ஸ் வாய் பெருசா தொறக்கும், அந்த 70-300ஐ முழுசா ஜூம் பண்ணா கெடைக்கிற எஃப் 5.6ல வர்றத விட 10 மடங்கு கிட்ட வெளிச்சம் உள்ள வரும், வெலையும் கம்மிதான்.

பழசு வாங்கும்போது ஒரு வேல கட்டாயம் செய்யணும். லென்ஸ கழட்டி, பின்னாடி டார்ச் அடிச்சு, முன்னாடி சாய்வா பாரு. சிலந்தி நூல் மாதிரி மெல்லிசா வெள்ளையா கெளை விட்டு ஓடியிருந்தா அது பங்கஸ், அதாவது பூஞ்சணம், எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வாங்காத. நம்ம ஊரு ஈரத்துக்கு கேமராவ கொல்றது இதுதான், நெறைய பேரு கீழ விழுந்து ஒடையறதத்தான் பயப்படுறாங்க. ஷட்டர் கவுண்ட்டும், அதாவது இதுவரைக்கும் எத்தன தடவ ஷட்டர் அடிச்சிருக்குன்னும், கேளு, டி7200க்கு நிக்கான் சொல்ற கணக்கு 1,50,000, கெனான் 80டிக்கு 1,00,000. அதத் தாண்டினா உடனே நின்னுடாது, ஆனா வெலைய கொறைச்சு பேசலாம்.

எலிய புடிக்க செம்பனைக்குள்ள கூகைக்கு பொட்டி வச்சிருப்பாங்கல்ல, அந்தப் பக்கம் போனா ப்ளாஷ் அடிக்காத தம்பி, குஞ்சு இருக்கிற நேரம் கிட்டயே போகாத.

கேள்வி: கேமராவ துணி அலமாரியில தோல் உறைக்குள்ள வச்சிருக்கேன், சரியா? (வாசகி, பகாவ்)

பதில்: உறைய விட்டு இன்னைக்கே வெளிய எடுங்கம்மா, தோல் ஈரத்த புடிச்சு வச்சிருக்கும். காத்து போகாத மூடி உள்ள ப்ளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் காட்டுற சின்ன மீட்டர் ஒன்னும் உள்ள வைங்க, 40லேருந்து 50 சதவீதம் இருந்தா நல்லது. நீல ஜெல் ரோஸ் கலரானா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், சமையல் பாத்திரத்துல போடாம தனி தட்டுல வச்சு அவன் அடுப்புல காய வச்சுட்டு திரும்ப போட்டுக்கலாம். ஏர்கான் காடியிலேருந்து எறங்கினதும் பைய தொறக்காதீங்க, அரை மணி நேரம் அப்படியே விட்டா லென்ஸுல பனி புடிக்காது.