முர்கீயாவை எங்கிருந்து வாசிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவின் கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோ பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய கணவர் மனுவேல் முர்கீயா ஒரே வரியில் வந்துபோகிறார். இதழாளர், வரலாற்றாசிரியர் என்கிறீர்கள். கலீசியர்கள் பண்டைய ஐரோப்பாவின் கெல்ட் இனத்தவர் என்று நிறுவ முயன்றவர் என்றும் படித்தேன். இன்று அவரை வாசிப்பதில் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாக உண்டு. ஆனால் ‘கலீசியாவின் வரலாறு’ முதல் தொகுதியில் (1865) தொடங்காதீர்கள். கெல்ட் வாதம் அங்கேதான் ஓங்கி ஒலிக்கிறது. அன்றைய இனக் கோட்பாட்டை நம்பி எழுதியது அது. இன்றைய தொல்லியல் முன் நிற்காது. அதோடு அவரை மூடிவைத்துவிடுவது பெரிய இழப்பு.

1882இல் வெளிவந்த ‘எல் ஃபோரோ’வை எடுங்கள். ஃபோரோ என்பது கலீசியாவின் நீண்டகால நிலக் குத்தகை. வழக்கமான கெடு மூன்று ஆயுள்காலம், அதற்கு மேல் 29 ஆண்டு. நிலம் பெரும்பாலும் மடாலயத்துடையது. குத்தகைக்கு எடுத்தவர் பல இடங்களில் உள்ளூர்ப் பிரபு. அவர் அதையே உழவர்களுக்கு உள்குத்தகைக்கு விட்டார். மடத்துக்கு அவர் கொடுத்தது பழைய சொற்பக் குத்தகை வாரம், உழவர் அவருக்கு அளந்ததோ அதைவிட மிக அதிகம். கெடு முடிந்ததும் மடங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டன. 1763இல் அரசு அந்த வழக்குகளை நிறுத்திவைத்தது. பிரபுவிடமிருந்து நிலம் கைவிட்டுப் போகவில்லை, உழவர் அளந்த வாரமும் குறையவில்லை. கொழுத்தவர் இடையில் நின்றவர்தான். பணம் கட்டி நிலத்தை மீட்க நிலையான வழி 1926 ஆணையில்தான் பிறந்தது. ஆக, முர்கீயா எழுதியது உயிரோடிருந்த ஒரு சிக்கலைப் பற்றி. அவருடைய இதழாளர் கண்ணும் ஆவணப் பயிற்சியும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

அந்தப் பயிற்சி எளிதில் வாய்த்ததல்ல. மருந்தியல் படிக்க மத்ரித் போனவர், படிப்பை விட்டுப் பத்திரிகைக்கு வந்தார். 1862இல் வீகோவில் தொடங்கிய கலீசிய எழுத்தாளர் அகராதி பாதியில் நின்றது. 1870இல் ஆ கொருன்யா ஆவணக் காப்பகத் தலைவரானார்; ஆட்சி மாறியதும் 1875இல் அந்தப் பதவியும் போயிற்று. ‘கலீசியாவின் வரலாறு’ இரண்டாம் தொகுதி 1866இல், மூன்றாவதோ 1888இல். இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே தொகுதிகளை ஒப்பிட வேண்டும்.

நூல்கள் ஸ்பானிய மொழியில்தான். ஆனால் 1891இல் துய் நகர இலக்கிய விழாவில் கலீசிய மொழியிலேயே உரையாற்றினார். கியூபாவின் ஹவானாவில் குடியேறிய கலீசியர்களின் ஆதரவோடு 1906இல் அமைந்த கலீசிய அகாதெமிக்கு முதல் தலைவர் அவரே, 1923இல் இறக்கும்வரை.

அடுத்து ‘லோஸ் ப்ரெகுர்சோரெஸ்’ (முன்னோடிகள்) வாசியுங்கள். தன் தலைமுறை எழுத்தாளர்களைப் பற்றிய சித்திரங்கள் அவை. 1885இல் மறைந்த ரொசாலியாவுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு.