அப்பாவை மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாமா, சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: அப்பாவுக்கு 62 வயது, சுகர் இருக்கிறது. மதுரையில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், ஒரு புது மாத்திரையின் ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார். மாத்திரை, டெஸ்ட் எல்லாம் இலவசம். வீட்டில் பாதிப் பேர் "எலியாக்கப் பார்க்கிறார்கள், வேண்டாம்" என்கிறார்கள். மீதிப் பேர் "புது மருந்து சும்மா கிடைக்கிறது, விடாதே" என்கிறார்கள். என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை. மதுரை கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஸ்கேன் ரிப்போர்ட், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை என்று எதையாவது நகல் எடுக்க என் கடைக்கு வருவார்கள். நடுநடுவே ஆராய்ச்சி ஒப்புதல் படிவங்களும் வரும். மெஷின் ஓடும்போது தாளைத் தலைகீழாகப் படிப்பது இந்தத் தொழிலில் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம். அப்படிப் படித்ததும், வீட்டில் பட்டதும்தான் என் பதில்.

உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு கட்சியும் செய்வது ஒரே தப்பு. புது மாத்திரை என்ன செய்யும் என்பது ஏற்கெனவே யாருக்கோ தெரியும் என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் கெடுக்கும் என்கிறார், இன்னொருவர் தூக்கி நிறுத்தும் என்கிறார். அது தெரிந்திருந்தால் இத்தனை பேரைச் சேர்த்து ஆராய்ச்சி எதற்கு? இது எனக்குப் புரிந்தது எங்கள் அம்மா கண்ணில் அடிபட்டபோது.

2015 தை மாதம். சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். வைக்கோலை உதறிப் போர் போடும்போது அம்மாவின் வலது கண்ணில் ஒரு வைக்கோல் தாள் குத்திவிட்டது. முதல் நாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அடுத்து ஊர் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. இரண்டு நாள் சிவப்பு வடிந்தது, அம்மாவும் சரியாகிவிட்டது என்று களத்துக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் கண் திறக்க முடியவில்லை, கருவிழியில் பூ விழுந்த மாதிரி ஒரு வெள்ளை. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது கண் ஆஸ்பத்திரியில் பாட்டிலைக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். கண்ணில் பூஞ்சை இருக்கும்போது அதைப் போடுவது, பயிரைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துவிடுகிற கதைதான்.

அங்கே புண்ணை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, பூஞ்சைதான் என்று சொல்லி நேட்டமைசின் எழுதினார்கள். மோர் மாதிரி வெள்ளையாக இருக்கும், குலுக்கிக் குலுக்கிப் போட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. ராத்திரி நான் செல்போனில் தேடினால், இது 1978இலேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய பழைய மருந்து என்று வந்தது. பாலாடைக்கட்டியில் பூசணம் பிடிக்காமலிருக்கத் தடவுவதும் இதே நேட்டமைசினைத்தான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வோரிகோனசோல் என்று புதுசாக, விலை கூடுதலாக ஒன்று இருக்கிறதே, கிராமத்து ஆள் என்று மலிவானதை எழுதிவிட்டார்களோ என்று. காலையில் போய், "காசைப் பார்க்காதீங்க டாக்டர், நல்ல மருந்தா எழுதுங்க" என்றேன். அந்த டாக்டரம்மா சிரித்துவிட்டு, "இதுதாங்க நல்ல மருந்து. ரெண்டையும் நம்ம ஊர் ஆளுங்க கண்ணுலயே போட்டுப் பார்த்தாச்சு" என்றார்.

நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். கருவிழிப் புண் நம் பக்கத்துக்குப் பழகின வியாதி. 1994இல் அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்றே மாதத்தில் 434 பேரைக் கணக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்டதில் தொடங்கிய புண். கிருமி வளர்ந்த புண்களில் ஏறத்தாழப் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. வயல்காட்டு வேலை இருக்கும் ஊரில் இந்த நோய் இருக்கும், நோய் இருக்கும் இடத்தில்தான் மருந்தைச் சோதிக்க முடியும். 2010, 2011இல் அரவிந்தின் தென்னிந்திய மருத்துவமனைகளில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக்காரர்களோடு சேர்ந்து இந்த இரண்டு மருந்தையும் மோத விட்டார்கள். யாருக்கு எது என்று டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் கேட்டு வாங்க முடியாது. குலுக்கல் சீட்டு மாதிரி விழுவதுதான். மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பலகையில் யார் எத்தனை வரி படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

புது மருந்துதான் ஜெயிக்கும் என்று நினைக்கக் காரணம் இருந்தது. அது கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும். முடிவு வேறு மாதிரி வந்தது. பழைய நேட்டமைசின் போட்டவர்கள் சராசரியாக இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை பிடித்தவர்களிடம் வித்தியாசம் நான்கு வரி. கருவிழியில் ஓட்டை விழுவதும் நேட்டமைசின் பக்கம் குறைவு. 368 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். வெளியிலிருந்து கணக்கைக் கண்காணித்துக்கொண்டிருந்த குழு, ஒரு பக்கம் மோசமாகப் போகிறது என்று தெரிந்ததும், 323 பேரோடு ஆள் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. 2013இல் முடிவு வெளியானது. அப்புறம் வோரிகோனசோல் மாத்திரையைக் கூடச் சேர்த்துக் கொடுத்தாலாவது உதவுமா என்று இங்கேயும் நேபாளத்திலுமாக 240 பேரிடம் பார்த்தார்கள். உதவவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

அந்த 323 பேரில் புது மருந்து விழுந்தவர்கள் வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள்? "நமக்கு யோகம்" என்றுதான். எங்கள் அம்மா கண் தப்பியதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை.

சரி, உங்கள் அப்பா விஷயம் சுகர். அதில் நான் முதலில் கேட்பது, ஆராய்ச்சி எதை எண்ணப் போகிறது என்பதைத்தான். சுகர் நம்பர் குறைவதையா, மனிதர் நன்றாக இருப்பதையா? இரண்டும் ஒன்று என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கார்டு என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. மாரடைப்பு அபாயம் கூடுதலாக உள்ள 10,251 சுகர்காரர்கள். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c டெஸ்ட்) 6க்குக் கீழே இறுக்கிப் பிடிப்பது, இன்னொரு பாதிப் பேருக்கு 7க்கு மேல் 8க்குள் விட்டுப்பிடிப்பது. இறுக்கிப் பிடித்தவர்களின் நம்பர் அழகாக இறங்கியது. ஆனால் அந்தப் பக்கம் 257 பேர் இறந்தார்கள், விட்டுப்பிடித்த பக்கம் 203 பேர். 2008 பிப்ரவரியில் அந்த இறுக்கிப்பிடிக்கும் வைத்தியத்தை நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இரண்டு பக்கமுமே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். நான் சொல்ல வந்தது, லேப் ரிப்போர்ட் சந்தோஷப்படுவதும் உடம்பு சந்தோஷப்படுவதும் எப்போதும் ஒன்றில்லை.

இதயத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்பை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு அடங்கியது. மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1991இல் வந்த கணக்கு அது. மாவு மாத்திரை கிடைத்தவர்களில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். 'மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

கொரோனாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே மாதம் மதுரை மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் ஊசி வாங்க நின்ற வரிசைக்கு என் கடையில் பாதி ஷட்டரைத் தூக்கிவைத்துக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு, ஆதார், சிடி ஸ்கேன், கொரோனா ரிப்போர்ட், எல்லாம் ஒரு செட். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி, அந்த ஊசியால் சாவு பெரிதாகக் குறையவில்லை என்று அதற்கு ஏழு மாதம் முன்பே, 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. பிறகு வந்த முழுக் கணக்கில், வென்டிலேட்டர் வரைக்கும் போகாதவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, போனவர்களுக்கு இல்லை. உண்மையிலேயே உயிர் காத்தது எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்சாமெத்தசோன். பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் அது இல்லாமல் 100க்கு 41 பேர் இறந்தார்கள், அதோடு 29 பேர். ஆக்சிஜனே தேவைப்படாமல் இருந்தவர்களுக்கு அது உதவவில்லை. மருந்து ஒன்றுதான், ஆளைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. அதனால் அப்பாவின் படிவத்தில் 'யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்க மாட்டோம்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதை நிதானமாகப் படியுங்கள். அவருக்குக் கிட்னி, இதயத் தொந்தரவு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது படிவம். சில வருடம் முன்பு எனக்கே சுகர் வந்தபோது, ஒரு தனியார் கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) இப்படி ஓர் ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். பதினான்கு பக்கம். தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ் தெரிந்த யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்றேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டிங்க சார், இங்கேயே போட்டுடுங்க" என்று அந்தப் பையன் பேனாவை நீட்டினான். எழுந்து வந்துவிட்டேன். மருந்து மோசம் என்று நான் முடிவு கட்டவில்லை. கேள்வி கேட்க இடம் கொடுக்காதவன், நாளைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மயக்கம் வந்தால் போனை எடுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

படிவத்தில் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும், அது உங்கள் உரிமை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆராய்ச்சிக்காரர்களைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து, படித்துக் காட்டுவதைக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது. 2019இல் வந்த புது விதிகளின்படி, ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியம் அவர்கள் செலவு, பாதிப்புக்கு இழப்பீடும் உண்டு. ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கும், அதன் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். கேட்க ஒன்றுமில்லாவிட்டாலும் கூப்பிடுங்கள், எடுக்கிறார்களா என்று தெரியுமே.

இன்னொன்று, நம் நாட்டில் நடக்கும் மருந்து ஆராய்ச்சிகளை மத்திய அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009இலிருந்து கட்டாயம். சிடிஆர்ஐ எண் என்று கேளுங்கள், சொல்வார்கள். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேர், எந்த மருந்தோடு ஒப்பிடுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் எல்லாம் வரும். எண் இல்லை, இனிமேல்தான் வரும் என்றால் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். மனிதர்களுக்கு முதல் முதலாகக் கொடுக்கிறார்களா, ஏற்கெனவே ஆயிரம் பேர் சாப்பிட்டதா என்பதையும் அதிலேயே பாருங்கள். முதல் கட்டம் என்றால் என் அப்பாவை நான் அனுப்ப மாட்டேன். அது என் பயம், நியாயம் என்று வாதாடவில்லை.

அலைச்சலையும் கணக்குப் போடுங்கள். பஸ் செலவு பெரும்பாலும் தருவார்கள். ஆனால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க அதிகாலையில் கிளம்புவது யார், கூட வரப்போவது யார் என்பதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். பாதிப் பேர் விலகுவது மருந்தால் இல்லை, இதனால்தான் என்று என் கடைக்கு வரும் ஒரு நர்சம்மா சொல்வார்.

அம்மா கண்ணில் ஓரமாகச் சின்னத் தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணால் பஸ் போர்டு படிக்கிறார், ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். நான் அப்புறம் வேறோர் இடத்தில் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். படிவத்தைப் பத்து நாள் வீட்டில் வைத்துப் படிக்க விட்டார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். காலையில் ஒரு மாத்திரை, இரண்டாவது வருடம் ஓடுகிறது. அது மருந்தா மாவா என்று எனக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிந்ததும் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.